ஏணி வாடகை

சேக் தாவூத் பாய்க்கு நான் தர வேண்டியது ஆயிரத்து எண்ணூற்று அறுபது ரூபாய். எங்கள் தீவில், ஜங்லிகாட்டில் இருக்கும் அவருடைய மளிகைக் கடையில் மழை மாதங்களில் வாங்கித் தின்ற அரிசி பருப்புக் கடன். கான்கிரீட் கலக்கிப் பிழைக்கிறவனுக்கு மழை விட்டால்தான் கூலி. பாய் ஒரு நாளும் பாக்கியைக் கேட்டதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டு வந்தார், பணத்தை அல்ல, ஏணியை.

ஏணி அவருடையதுதான். அவர் மனைவி சைனம்பு அக்கா இரண்டு மாதத்துக்கு முன்பு என் வீட்டில் கொண்டுவந்து போட்டது. கடைக்கு மேலே அவர்கள் வீடு. படிக்கட்டு நடுவில் திரும்பும். அந்தத் திருப்பத்துக்கு மேலே, எட்டாத உயரத்தில் ஒரு பல்பு. ஏணி நிற்க அங்கே சமதரை கிடையாது. போன தடவை அது எரியாமல் போனபோது ஏணியின் ஒரு காலுக்குச் செங்கல் வைத்து ஏறினார் பாய். செங்கல் உருண்டது. பதினைந்து நாள் படுக்கை.

"எழுபது வயசு மனுசன். என்ன சொல்லிக் கேட்டாலும் குடுத்துராத தம்பி" என்று அக்கா சொல்லியிருந்தார்.

இப்போது அந்தப் பல்பு மறுபடி போய்விட்டது.

"ஈஸ்வரா, ஏணிய எடு. ஜல்தி."

"எந்த ஏணி பாய்?"

"அரே, உன் பொண்டாட்டி சேலை காயுதே, அந்த ஏணி."

உள்ளேயிருந்து ராஜகுமாரி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"நான் வந்து மாட்டித் தர்றேன் பாய்."

"நீ விழுந்தா ராஜகுமாரிக்கு யாரு பதில் சொல்றது? என் வீட்டு பத்தி, நான்தான் மாட்டுவேன்." பாய்க்கு பல்பு என்றால் பத்தி. குரலைத் தாழ்த்தினார். "ஏணியக் குடு. பாக்கி மாஃப். ஒத்தப் பைசா வேணாம்."

மூன்று நாள் கூலி. ராஜகுமாரி வாசலுக்கு வந்து என்னையே பார்த்தாள்.

"தர மாட்டேன் பாய்."

"கடன்காரப் பயலுக்குத் திமிரப் பாரு!"

"கடனும் இருக்கட்டும். நீங்களும் இருங்க."

வாசலில் கவிழ்த்து வைத்திருந்த பக்கெட்டில் உட்கார்ந்தார் பாய். "இருட்டுல அவ சுவத்தத் தடவித் தடவி ஏறுறாடா. நான் பார்த்துக்கிட்டு சும்மா இருக்கவா?" என்றார்.

அதைக் கேட்ட பிறகு வெறுமனே அனுப்ப மனசு வரவில்லை. பெரார்கஞ்சில் பாக்குத் தோட்டத்தில் இருந்தபோது மரம் ஏறாமல் நீள மூங்கிலால்தான் குலையை இழுப்போம். அதே போல ஒரு மூங்கில் என் கூரைமேல் காய்ந்து கிடந்தது. தண்ணீர் பாட்டிலின் அடியை அறுத்து, விளிம்பை நாலாகக் கீறினேன். பிடிப்புக்காக உள்ளே சைக்கிள் டியூப் ஒட்டி, கழுத்தை மூங்கில் நுனியில் செருகிச் சணலால் கட்டினேன்.

"எதுக்கு, மீன் பிடிக்கவா?" என்றார் பாய். ஆனாலும் மூங்கிலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு என்கூட நடந்தார்.

கடை வாசலில் அக்கா எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "ஏணி?"

"எங்க வீட்டுலயே இருக்கு அக்கா."

அந்த விளக்குக்குக் கீழ்ப்படியில் ஒரு சுவிட்ச், மேல்படியில் ஒரு சுவிட்ச். எது அணைந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. அதனால் அக்கா மெயினையே இறக்கிவிட்டு, அதை மறைத்துக்கொண்டு நின்றார். "எவனும் கிட்ட வரக் கூடாது."

படியடியில் சமதரையில் நின்று மூங்கிலை உயர்த்தினேன். பாட்டில் பல்பைக் கவ்வியது. மேலே அழுத்தி இடப்பக்கம் திருப்பியதும் கழன்று வந்தது. பாய் பாட்டிலில் வைத்துத் தந்த புதுசு போக மறுத்தது. இரண்டு தடவை ஹோல்டர் விளிம்பில் இடித்துத் திரும்பியது.

"போட்டு உடைச்சிராத, நூத்திப் பத்து ரூபா!"

"அப்ப நீங்க பிடிங்க பாய். உங்க வீட்டு பத்திதானே."

பாய் வாங்கினார். ஒரு கண்ணை மூடி, நாக்கைக் கடித்து, அழுத்தி வலப்பக்கம் திருப்பினார். மூங்கில் இறங்கியது. பல்பு மேலேயே நின்றது.

அக்கா மெயினைத் தூக்கினார். படிக்கட்டு முழுக்க வெளிச்சம். பாய் மேலே போய்விட்டு மறுபடி இறங்கி வந்தார். அங்கே அவருக்கு வேலை ஒன்றும் இல்லை.

"பாக்கி அப்படியேதான் இருக்கு. நீதான் ஏணி தரலையே" என்றார் என்னிடம்.

"ஏணி ரெண்டு மாசமா அவங்க வீட்ல கிடக்கு" என்றார் அக்கா. "இந்த ஊர்ல எவன் சும்மா இடம் தர்றான்? வாடகையக் குடுங்க."

"எவ்வளவு?"

"இவன் பாக்கி எவ்வளவு?"

"ஆயிரத்து எண்ணூத்தி அறுபது."

"அவ்வளவுதான் வாடகை."

பாய் அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பல்பைப் பார்த்தார்.

"டீக் ஹை. தீந்துச்சு கணக்கு. அடுத்த மாசத்துக்கெல்லாம் வாடகை கிடையாது, சொல்லிட்டேன்."