மேற்கண்டவற்றுள் எது சரி?

1

இந்தக் கதை எனக்கு ரயில் ஜன்னலில் கிடைத்தது. ஈரோடு போகும் பாசஞ்சர், ஊத்துக்குளி ஸ்டேஷனில் எதற்கென்று சொல்லாமல் நின்றுகொண்டிருந்தது. பிளாட்பாரத்து பெஞ்சில் ஒருவன். மடியில் சாப்பாட்டுப் பை, காதில் இயர்போன், கண் மூடியிருந்தது. பாட்டுக் கேட்கிறான் என்று நினைத்தேன். உதடு அசைந்தது. "ஒண்ணும் மூணும் மட்டும்" என்றான். ரயில் கிளம்பிவிட்டது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

2

தொடக்க வரியை மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தேன்.

'திருப்பூரில் பொழுது விடிவது மில் சங்குச் சத்தத்தில்…' பொய். இப்போது செல்போன் அலாரத்தில்தான் விடிகிறது.

'ரோஸ்மேரி கலெக்டர் ஆவாள் என்று அவள் பிறந்தபோதே…' யாரும் சொல்லவில்லை. அடித்துவிட்டேன்.

'உலகச் செய்திகள் எல்லாம் விடியற்காலையில் அந்த லைன் வீட்டுக்கு வந்து…' இது பரவாயில்லை, ஆனால் முடிக்கத் தெரியவில்லை. இப்படியே உள்ளே போய்விடலாம்.

3

ரோஸ்மேரிக்குச் சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம். இப்போது திருப்பூர் பக்கம் பெருமாநல்லூரில் கணவன் ராஜ்கமலோடு குடியிருக்கிறாள். முன்பு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் துணியில் பழுது இருக்கிறதா என்று பார்ப்பது. ஐ.ஏ.எஸ். பரீட்சை எழுத ஆசை என்று அவள் சொன்னபோது, "நீ படி, நான் தைக்கிறேன்" என்று அவளை வேலையிலிருந்து நிற்க வைத்தவன் ராஜ்கமல். அவன் வேறொரு கம்பெனியில், துணியின் ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மிஷினில் டெய்லர். இந்த வருடத்தை விட்டால் அவளுக்கு வயது தாண்டிவிடும்.

பாடங்களை எப்படியாவது படித்துவிடலாம். நடப்பு நிகழ்வுகள்தான் ஆளை விழுங்கும். ஒரு வருடத்துச் செய்தி முழுக்கத் தலையில் இருக்க வேண்டும். திருப்பிப் பார்க்காவிட்டால் புதுச் செய்தி பழையதைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். ரோஸ்மேரி அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். விடியற்காலையில், போன மாதங்களின் செய்திகளைத் தன் வாய்த்தமிழில் சொல்லிப் பதிவு செய்து ராஜ்கமலின் போனுக்கு அனுப்புவாள். அவன் மிஷினில் உட்கார்ந்து கேட்பான். சாயங்காலம் அவன் கேள்வி கேட்க வேண்டும், அவள் பதில் சொல்ல வேண்டும்.

(இயர்போன் போட்டுக்கொண்டு தைக்க எந்தக் கம்பெனியில் விடுகிறார்கள் என்று திருப்பூர் வாசகர் கேட்பார். சூப்பர்வைசர் நல்ல மனுஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

அவன் கேட்டுக்கொண்டே தைப்பதை எழுதும்போது எனக்கே கண் சொருகியது. மனைவியின் குரலில் வடதுருவத்துப் பனி உருகும். எந்த மலையிலோ புதிதாகக் கண்டுபிடித்த தவளை, அவன் தைக்கும் குழந்தைச் சட்டைமேல் வந்து உட்காரும். மிஷின் வரிசைகளுக்கு நடுவே கடல் சத்தமில்லாமல் ஏறும். மீன்கள் நூல்கண்டுகளை முகர்ந்து பார்த்துவிட்டுப் போகும். அவனுக்கு அது பிடித்திருந்தது.

ஆனால் ஓவர்லாக் சும்மா இருக்காது. அது ஓடும்போது குரல் மறைந்துவிடும், நின்றால்தான் கேட்கும். அதனால் அவன் கேள்விகள் அரையும் குறையுமாகவே வரும்.

"ஏதோ ரெண்டு நாடு ஒப்பந்தம் போட்டாக. அது என்னா?"

"எந்த ரெண்டு நாடுங்க?"

"அதுக்குள்ள தைக்க ஆரம்பிச்சுட்டேன். படிக்கிறவ நீதான, நீ சொல்லு."

அந்த மீதியை நிரப்பப் போய்த்தான் அவளுக்கு எல்லாம் மனதில் நின்றது.

4

திருப்புதலில், அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு வரியைக் கூட்டிய மாதம் வந்தது. பதிவு செய்து முடித்து வெளியே வந்தவளை வீட்டுக்கார அம்மா பழனாயி பிடித்துக்கொண்டார்.

"ஏங்கண்ணு, ரேடியோக்காரியாட்டம் அமெரிக்காக்காரன் வரியப் பத்தித்தான பேசிட்டிருந்த? எங்க தம்பி கம்பெனில மிஷினுக்கெல்லாம் துணியப் போத்தி வெச்சுட்டாங்க. உங்கூட்டுக்காரரு கம்பெனி ஓடுதா சாமி?"

"ஓடுதும்மா. அவரு காலையிலயே போயிருறாரு" என்ற ரோஸ்மேரி, அதோடு விடவில்லை. வரி கூடினால் ஏற்றுமதிக்கு என்ன ஆகும், வேலைவாய்ப்புக்கு என்ன ஆகும், அரசு என்ன செய்யலாம் என்று விடைத்தாளில் எழுதுவதுபோல் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பழனாயி "ஆமாங்கண்ணு, ஆமாங்கண்ணு" என்று தலையாட்டிவிட்டு மாட்டைக் கட்டப் போனார்.

இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. பக்கத்திலேயே துணி போர்த்திக் கிடக்கும் மிஷினைச் சொல்கிறார்கள், இவள் பாயிண்ட் பாயிண்டாக ஒப்பிக்கிறாளே என்று. பிறகு தணிந்துவிட்டது. நானும் பேப்பரை அப்படித்தான் படிக்கிறேன்.

5

அன்று சாயங்காலம் ராஜ்கமல் கேட்டான்: "ஆள் நெறைய வேணுங்கிற தொழிலத்தான் இந்த வரி மொதல்ல அடிக்கும்னு சொன்ன. அதுக்கு ரெண்டு காரணம் சொன்ன. ரெண்டாவது என்னா?"

சொன்னாள். அடுத்த கேள்வியும் முழுசாக வந்தது. அதற்கடுத்ததும்.

"ஒண்ணு விடாமக் கேட்டிருக்கீங்களே!" என்று சிரித்தாள். சொல்லி வாய் மூடிய பிறகுதான் அவளுக்கு விளங்கியது. ஓடுகிற மிஷினில் உட்கார்ந்து இப்படிக் கேட்க முடியாது. அவன் மிஷின் ஓடவில்லை.

கொஞ்ச வாரமாகவே கேள்விகள் முழுசாகத்தான் வந்துகொண்டிருந்தன. மனுஷன் தேறிவிட்டான் என்று பெருமைப்பட்டிருக்கிறாள். அவனைக் கட்டிக்கொண்டு அழலாமா, ஓங்கி ஒன்று வைக்கலாமா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்யாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

(வேலை இல்லாதவன் சனிக்கிழமை சம்பளத்தை எங்கிருந்து கொண்டுவந்தான்? எனக்கும் அவன் சொல்லவில்லை. தோண்டினால் கதை வேறெங்கோ போய்விடும்.)

6

முடிவு அ: அவள் கேட்டுவிடுகிறாள், அவன் ஒப்புக்கொள்கிறான். அந்த வரி தொடாத, உள்ளூர்க்கடைச் சரக்குத் தைக்கும் ஒரு கம்பெனியில் அவள் செக்கிங்குக்குப் போகிறாள். படிப்பு முடிந்தது. இப்படித்தான் நடக்கும் என்று யாரும் சொல்வார்கள். ஆனால் இதற்காகவா அவன் ஊத்துக்குளி ஸ்டேஷனின் அந்த பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு படித்தான்?

முடிவு ஆ: ஒன்றும் தெரியாததுபோல் படிக்கிறாள், தேறுகிறாள், சைரன் வைத்த ஜீப்பில் வந்து இறங்கு… வேண்டாம். ஜீப் வந்தாலே எனக்குக் கூச்சமாகிவிடுகிறது.

முடிவு இ: இதை நான் எழுதத் தொடங்குமுன் ரோஸ்மேரியே கையிலெடுத்துக்கொண்டாள். மறுநாள் விடியலில் செய்திகளை எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, அதே குரலில், பரீட்சையில் வருவதுபோலவே ஒரு கேள்வியைக் கடைசியில் சேர்த்தாள்.

"கீழ்க்கண்ட கூற்றுகளைக் கவனிக்கவும். ஒன்று: ராஜ்கமல் தினமும் வேலைக்குப் போகிறார். இரண்டு: ரோஸ்மேரி இந்த வருஷம் பரீட்சை எழுதுவாள். மேற்கண்டவற்றுள் எது சரி? ஏ, ஒன்று மட்டும். பி, இரண்டு மட்டும். சி, ஒன்றும் இரண்டும். டி, இரண்டும் இல்லை."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. 'சி' என்றால் அவள் முகத்தைப் பார்த்தே பொய் சொல்ல வேண்டும். 'பி' என்றால் உண்மையை ஒப்புக்கொண்டு, அதற்குப் பிறகும் அவளைப் படி என்று சொல்ல வேண்டும்.

7

சாயங்காலம் வந்தான். கை கால் கழுவினான். மற்ற கேள்விகளை எல்லாம் கேட்டுவிட்டு இயர்போனைச் சுருட்டி வைத்தான்.

"கடைசிக் கேள்வி?" என்றாள்.

"தப்பாச் சொன்னா மார்க்கக் கொறைப்பாகளா?"

"மூணுல ஒரு பங்கு கொறைப்பாக."

"சொல்லாம விட்டா?"

"கொறைக்க மாட்டாக."

"அப்ப விட்டுரு" என்றான்.

சோறு போட்டாள், சாப்பிட்டார்கள். பிறகு அவன் அவளுடைய போனை எடுத்துச் சார்ஜில் போட்டான். அடுத்து படிக்க வேண்டிய மாதத்தின் நடப்பு நிகழ்வு இதழைத் தேடி எடுத்து, முதல் பக்கத்தை விரித்து அதன் பக்கத்தில் வைத்தான். அவன் விடை அதுதான், 'பி'. அவளுக்கும் அது புரிந்தது.

இப்போது விடிந்திருக்கிறது. ராஜ்கமல் சாப்பாட்டுப் பையோடு செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறான். எங்கே போகிறாய் என்று அவள் கேட்கவில்லை. அவனும் கிளம்பவில்லை, இன்றைக்கு இன்னும் பதிவு வரவில்லை. அவள் கட்டைவிரல் போனில் பதிவைத் தொடங்கும் சிவப்புப் பொட்டுக்குமேல் நிற்கிறது. அழுத்தினால் அவள் பரீட்சை எழுதுவாள், அவன் தினமும் இப்படியே கிளம்பிப் போவான். அழுத்தாவிட்டால் ஒன்பது மணிக்கு அவள் அந்த உள்ளூர்ச் சரக்குக் கம்பெனியின் செக்கிங் மேசையில் இருப்பாள், அவன் இத்தனை நாள் உட்கார்ந்திருந்தது வீணாகும்.

அவளுக்காக அழுத்த எனக்கு உரிமை இல்லை. விடையை நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். தப்பானாலும் உங்களுக்கோ எனக்கோ குறைய ஒன்றுமில்லை. அவளுக்கு இருக்கிறது.