எட்டாம் எண் கேள்வி

வீட்டில் இருந்ததே இரண்டு நாற்காலிகள். வாசலில் வந்து நின்றதோ சபையை நடத்துகிற மூன்று டீக்கன்மார். இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள் தொட்டியம்மா. பதினோரு வருஷமாக அந்தச் சபைக் கட்டடத்தைக் கூட்டித் துடைக்கிறாள். இத்தனை காலத்தில் ஒரு டீக்கன்கூட அவள் வாசல்படியை மிதித்ததில்லை. சபைச் சாவியைத் திருப்பிக் கேட்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள்.

"எப்படிம்மா இருக்கீங்க?" என்றார் தலைமை டீக்கன்.

இருக்கீங்களாம்! போன ஞாயிற்றுக்கிழமை வரை "ஏம்மா, ஃபேனைத் துடைச்சியா?" என்று கேட்ட வாய் அது. ஒரே வாரத்தில் இவ்வளவு மரியாதை முளைத்திருக்கிறதென்றால் இவர்களுக்குத் தன்னால் ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று தொட்டியம்மாவுக்குப் புரிந்துபோயிற்று. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "உட்காருங்கய்யா" என்றாள்.

தலைமை டீக்கன் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எங்கே போனாலும் முதல் நாற்காலி அவருக்கு. இரண்டாவதில் கடிகாரம் பழுதுபார்க்கிறவர் உட்கார்ந்தார். அவர்தான் சபையின் செயலாளர். மூன்றாமவர் வாலிபர் செயலாளர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார், வயது ஐம்பத்தெட்டு. வாலிபர் செயலாளராகி முப்பத்தோரு வருஷம் ஆகிறது. அவரை மாற்ற வேறு வாலிபர் கிடைக்கவில்லை. அவள் கூலிக்கு இஸ்திரி போட்டு அடுக்கிய ஆஸ்பத்திரி உடுப்புகளுக்குப் பக்கத்தில், எதன்மேலும் படாமல், ஒடுங்கி நின்றுகொண்டார்.

தலைமையாசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். பாப்டிஸ்ட் சபைகளின் சங்கம் 'புத்துயிர், நிலைத்த எதிர்காலம்' என்று ஒரு திட்டம் போட்டிருக்கிறது. சங்கத்தின் முப்பது சபைகளிலும் தலைகள் நரைத்துக்கொண்டும் குறைந்துகொண்டும் வருவதால் வந்த திட்டம். அதற்கு ஒரு குழு. அந்தக் குழு ஒரு விதி எழுதியிருக்கிறது: நாலு வருஷமாக ஒரு ஞானஸ்நானம்கூட நடக்காத சபைக்கு எதிர்காலம் கிடையாது, அதைப் பெரிய சபையோடு சேர்த்துவிட்டுக் கட்டடத்தைப் பூட்டிவிடலாம்.

"நம்ம சபையில கடைசியா ஞானஸ்நானம் நடந்து நாலு வருஷம் ஆகப்போகுது. வர்ற ஞாயிற்றுக்கிழமை குழு வருது. அதனால..." என்று இழுத்தார் கடிகாரக்காரர்.

"அதனால உங்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம்னு ஏகமனசா முடிவு பண்ணியிருக்கோம்" என்று முடித்தார் வாலிபர் செயலாளர், பரிசு கொடுக்கிற முகத்தோடு.

தொட்டியம்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இதே ஞானஸ்நானத்தை அவள் மூன்று முறை கேட்டிருக்கிறாள். மூன்று முறையும் விண்ணப்பப் பாரத்தை நிரப்பிக் கொடுத்தாள். மூன்று முறையும் எட்டாம் எண் கேள்வியில் தடுக்கி விழுந்தாள். 'திருமணமான பெண்ணாயின், கணவரின் ஒப்புதலும் கையொப்பமும்.' அவள் கணவர் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பல்பு வாங்கி வருகிறேன் என்று கிளம்பிப் போனவர். இன்னும் வாங்கிக்கொண்டிருக்கிறார். கையெழுத்து கொண்டு வா, இல்லாவிட்டால் இறப்புச் சான்றிதழ் கொண்டு வா என்றார்கள் டீக்கன்மார். அந்த மனிதர் கையெழுத்தும் போடவில்லை, செத்தும் தொலைக்கவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் கடைசியாக நடந்த ஞானஸ்நானத்தில்கூட அவள் தொட்டிக் கரையில்தான் நின்றாள், ஏறி வந்தவருக்குத் துண்டு கொடுத்துக்கொண்டு.

ஞானஸ்நானம் இல்லையென்றால் அங்கத்தினர் இல்லை. அங்கத்தினர் இல்லையென்றால் சபைக் கூட்டத்தில் கை தூக்க முடியாது. அதுகூடப் போகட்டும். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்துத் தட்டு வரிசை வரிசையாக வரும்போது, அவளுக்கு வலப்பக்கம் இருப்பவர் அவள் மடிக்கு மேலாகக் கையை நீட்டி இடப்பக்கம் இருப்பவரிடம் கொடுப்பார். அப்பமும் திராட்சை ரசமும் பஸ் டிக்கெட் போல அவளைத் தாண்டிப் போகும். ஆராதனை முடிந்ததும் அந்தக் குட்டிக் கண்ணாடிக் கிண்ணங்களை அவள்தான் கழுவி அடுக்குவாள். பிரசங்க மேடைக்கு அடியில் இருக்கும் ஞானஸ்நானத் தொட்டியையும் அவள்தான் கழுவுவாள். பெயரே அதனால் வந்தது. சம்பளம் கிடையாது. கர்த்தருக்குச் செய்கிற ஊழியம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தத் தட்டு ஒருநாள் தன் கையில் வந்து நிற்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு அந்தச் சபையில் வேறு ஆசையே இல்லை.

"எட்டாம் எண் கேள்விக்கு என்னய்யா பண்ணப் போறீங்க?" என்று கேட்டாள்.

தலைமையாசிரியர் முகம் மலர்ந்தது. அதற்கும் அவர் வழி கண்டுபிடித்திருந்தார். "கணவர் இல்லாத பட்சத்தில் சபையே அந்த ஸ்தானத்துல நின்னு ஒப்புதல் கொடுக்கலாம். சபை சார்பா நானே கையெழுத்து போட்டுடறேன்."

"என் புருஷன் ஸ்தானத்துலயா?"

கடிகாரக்காரருக்கு இருமல் வந்தது. வாலிபர் செயலாளர் ஆஸ்பத்திரி உடுப்புகளை எண்ண ஆரம்பித்தார். தலைமையாசிரியரின் காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன.

"வீட்ல அக்கா கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டீங்களாய்யா?" என்றாள் தொட்டியம்மா, முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

"சேச்சே, இது வெறும் நடைமுறைம்மா. தொட்டிய மட்டும் ரொப்பி வச்சிடுங்க."

மூவரும் திருப்தியாகக் கிளம்பினார்கள். அவள் சம்மதமா என்று கேட்க மூவருக்குமே மறந்துவிட்டது.

சனிக்கிழமை காலை மேடைப் பலகைகளைப் பெயர்த்தாள். தொட்டிக்குள் ஒரு உடைந்த மேஜை விசிறி, ஏழு மடக்கு நாற்காலிகள், போன வருஷ மாநாட்டின் 'எழும்பிப் பிரகாசி' பதாகை எல்லாம் தூங்கிக்கொண்டிருந்தன. எடுத்து வெளியே போட்டு, பிரஷ்ஷால் பாசியைத் தேய்த்துக் கழுவி, அடியில் இருக்கும் ரப்பர் தக்கையை இறுக்கிக் குழாயைத் திறந்தாள். சன்னமான குழாய், தொட்டி நிரம்ப எட்டு மணி நேரம் ஆகும். அது நிரம்புகிற நேரத்தில் பின்பக்கம் இருந்த நாலு பெரிய பீப்பாய்களிலும் தண்ணீர் பிடித்து வைத்தாள்.

"அதான் தொட்டி ரொம்புதே, பீப்பாய் எதுக்கு?" என்று கேட்டாள் தலைமையாசிரியரின் மனைவி. தொட்டியம்மா மறுநாள் உடுத்தப்போகும் வெள்ளை அங்கிக்கு இஸ்திரி போட வந்திருந்தாள்.

"எதுக்கும் இருக்கட்டும்க்கா. உங்க பாரத்துல எட்டாம் எண்ணுல யாரு கையெழுத்து போட்டாங்க?"

"வேற யாரு, அவர்தான். முப்பத்திரண்டு வருஷம் ஆச்சு." இஸ்திரிப் பெட்டி ஒரே இடத்தில் நின்றது. "என்னைக் கேட்டுட்டுப் போட்டாரான்னு யோசிச்சுப் பார்க்கறேன், ஞாபகம் வர மாட்டேங்குது."

"அவர் பாரத்துல நீங்க போட்டீங்களா?"

"ஆம்பளைங்க பாரத்துல அந்தக் கேள்வியே கிடையாதே" என்றவள், தான் சொன்னதைத் தானே கேட்டுத் திகைத்துப்போனாள். அங்கியின் கை லேசாகத் தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் பெட்டியை எடுத்தாள்.

மறுநாள், மாதத்தின் முதல் ஞாயிறு, குழு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தது. தலைவர் ஒரு பல் டாக்டர். வாயைத் திறந்தபடி கிடப்பவர்களைப் பார்த்துப் பழகியவர் என்பதால் எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனிதர். சபையின் இருபத்திரண்டு அங்கத்தினர்களும் வந்திருந்தார்கள். பதினாறு பெண்கள், ஆறு ஆண்கள். மேஜைமேல் அவளுடைய பாரம் இருந்தது. எட்டாம் எண்ணுக்கு எதிரே தலைமையாசிரியரின் கையெழுத்து, சுழித்துச் சுழித்து, அழகாக.

நாலு சபைகளுக்குச் சேர்த்து ஒரே போதகராக இருக்கும் இளைஞர் முதலில் தொட்டிக்குள் இறங்கினார். பின்னாலேயே வெள்ளை அங்கியோடு தொட்டியம்மா இறங்கினாள். தண்ணீர் மார்பு வரை வந்தது. தண்ணீரில் நின்றபடி, விசுவாசத்துக்கு வந்த கதையைச் சாட்சியாகச் சொல்வது அந்தச் சபையின் வழக்கம்.

"எனக்குப் பெருசா சாட்சி சொல்லத் தெரியாது" என்று ஆரம்பித்தாள். "முதல் முதல்ல இங்க வந்தப்ப வீட்ல ஆளும் இல்ல, வெளிச்சமும் இல்ல. கடைசி பெஞ்சுல உட்கார்ந்தேன். யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. கூப்பிட்டவரு, போய் உன் புருஷன் கிட்ட கேட்டுட்டு வான்னு சொல்லல."

தலைமையாசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எட்டாம் எண்ணுல ஐயா கையெழுத்து போட்டிருக்காரு. நல்ல மனசுதான். ஆனா எனக்கு அது வேண்டாம். அந்தக் கேள்விய பாரத்துலேர்ந்து எடுத்துடுங்க. எனக்கு மட்டுமில்ல, இனிமே வர்ற எல்லாப் பொம்பளைங்களுக்கும். எடுத்தா முழுகறேன். இல்லன்னா ஏறி வீட்டுக்குப் போறேன்."

"அதுக்கென்னம்மா, அடுத்த செயற்குழுவுல விரிவா விவாதிக்கலாம்" என்று எழுந்தார் தலைமையாசிரியர், வகுப்பை அடக்குகிற குரலில். "இப்ப பாஸ்டர் முழுக்கட்டும்."

அப்போதுதான் மேடைக்கு அடியிலிருந்து 'களக் களக்' என்று ஒரு சத்தம் கேட்டது. போதகர் குனிந்து பார்த்தார்.

"அம்மா, தண்ணி இறங்குது" என்றார் மெதுவாக.

"தெரியும் பாஸ்டர். நான்தான் கால் விரலால தக்கைய எடுத்தேன்." பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "பத்து நிமிஷத்துல இடுப்புக்குக் கீழ வந்துடும். பதினோரு வருஷமா கழுவறேன், தப்பாது. அதுக்கப்புறம் நனைக்கலாம், முழுக்க முடியாது."

சபை அதிர்ந்துபோயிற்று. தலையில் தெளித்தால் போதாது, ஆள் முழுசாகத் தண்ணீருக்குள் போய் வர வேண்டும் என்பதற்காகத்தான் இவர்களுடைய முன்னோர் மற்ற சபைகளோடு சண்டை போட்டுப் பிரிந்து வந்ததே. எல்லாரும் கடிகாரக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். அவருடைய கடிகாரம் நின்றுபோயிருந்தது.

"டாக்டர், குழுதான் ஒரு வார்த்தை சொல்லணும்" என்று கெஞ்சினார் தலைமையாசிரியர்.

"சங்கம் எப்படிங்க தலையிட முடியும்? பாப்டிஸ்ட் சபைன்னா அந்தந்தச் சபைதான் முடிவெடுக்கணும். நாங்க வேடிக்கைதான் பார்க்கலாம்" என்று காலை நீட்டிக்கொண்டார் பல் டாக்டர்.

தண்ணீர் விலா எலும்புக்கு வந்தது. வீம்புக்கு ஆரம்பித்தது இல்லை இது. இன்று தவறினால் கட்டடத்துக்குப் பூட்டு, தட்டுக்கும் பூட்டு. இந்த ஜென்மத்தில் அது தன் கைக்கு வராது என்று தொட்டியம்மாவுக்கு நன்றாகத் தெரியும். அங்கத்தினராக இல்லாததால் தீர்மானம் கொண்டுவரவும் அவளுக்கு உரிமையில்லை. பெண்கள் பக்கம் பார்த்தாள். பதினாறு பேரும் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எட்டாம் எண் கேள்விய நீக்கணும்னு நான் முன்மொழியறேன்." தலைமையாசிரியரின் மனைவி எழுந்து நின்றிருந்தாள்.

"நீ உட்காரு" என்றார் கணவர்.

"உட்கார்ந்து முப்பத்திரண்டு வருஷம் ஆச்சு" என்றாள் அவள்.

பின்வரிசையில் ஒரு தையல்காரம்மா "வழிமொழியறேன்" என்றாள், யாரும் தடுப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்ற வேகத்தில். கைகள் எழும்ப ஆரம்பித்தன. முதலில் பக்கத்தைப் பார்த்துப் பார்த்துப் பாதி தூரம், அப்புறம் முழுசாக. பதினாறு. வாலிபர் செயலாளரின் கையும், அவர் மனைவி திரும்பிப் பார்த்த பார்வையில், சேர்ந்து பதினேழாயிற்று. போதகரே பாரத்தையும் பேனாவையும் கேட்டு வாங்கி, ஈரக் கையால் அந்தக் கேள்வியின் மேல் ஒரு கோடு போட்டார்.

தொட்டியம்மா கால் விரலால் தக்கையைத் தள்ளி மூடினாள். தண்ணீர் தொடையளவில் நின்றது. குழாயைத் திறந்தால் சாயங்காலம் ஆகிவிடும்.

"பின்பக்கம் நாலு பீப்பாய் ரொப்பி வச்சிருக்கேன்" என்றாள். "பக்கெட் அங்கேயே இருக்கு."

பெண்கள் ஒருவரும் இடத்தை விட்டு அசையவில்லை. தலைமையாசிரியர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பின்பக்கம் போனார். ஆறு ஆண்களும் வரிசையாக நின்று பக்கெட்டைக் கை மாற்றி மாற்றிக் கொண்டுவந்து ஊற்றினார்கள். வாலிபர் செயலாளருக்கு முதல் பக்கெட்டிலேயே இடுப்புப் பிடித்துக்கொண்டது. "மெதுவா ஊத்துங்கய்யா, கீழ வழுக்கும்" என்று தொட்டிக்குள் நின்று சொல்லிக்கொண்டிருந்தாள் தொட்டியம்மா. குழுவில் ஒருவர் படம் எடுத்தார்.

அவள் முழுகி எழுந்தாள். ஈரத் தலையோடு பெஞ்சில் வந்து உட்கார்ந்தபோது திருவிருந்துத் தட்டு வந்தது. வலப்பக்கத்தில் இருந்தவர் பழக்க தோஷத்தில் அவள் மடிக்கு மேலாக நீட்டப் போய், நடுவில் நினைவு வந்து, அவள் கையிலேயே வைத்தார். தட்டு அவ்வளவு கனமாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அழுதாள். துடைத்துக்கொள்ளவும் இல்லை.

ஒரு மாதம் கழித்துச் சங்கத்தின் அறிக்கை வந்தது. தலைமையாசிரியர் சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று உரக்க வாசித்தார். "வாலிபர் செயலாளரின் ஊக்கத்தால் இச்சபையின் வாலிபர்கள் தாங்களே தண்ணீர் சுமந்து தொட்டியை நிரப்பியது, நிலைத்த எதிர்காலத்துக்கு நல்ல அடையாளம். ஒரு சகோதரி ஞானஸ்நானம் பெற்றார். காலத்துக்கு ஒவ்வாத ஒரு விதியை டீக்கன்மார் தாமாகவே முன்வந்து நீக்கினர்." படத்தில் ஆறு ஆண்களும் பக்கெட்டும் கையுமாக இருந்தார்கள். தொட்டியம்மாவின் வெள்ளை அங்கிக் கை ஒன்று மட்டும் ஓரத்தில் தெரிந்தது, தீய்ந்த அடையாளத்தோடு.

"வேற ஏதாவது விஷயம் உண்டா?" என்று கேட்டுவிட்டு உட்காரப் போனார் தலைமையாசிரியர்.

தொட்டியம்மா கை தூக்கினாள்.

"நல்ல அறிக்கைய்யா. வாலிபர்களுக்குத் தண்ணி வேலை நல்லா வருதுன்னு சங்கமே சொல்லிடுச்சு. அதனால இனிமே தொட்டி கழுவறதையும் கிண்ணம் கழுவறதையும் அவங்களே பார்த்துக்கட்டும்னு முன்மொழியறேன்."

"வழிமொழியறேன்" என்றாள் தலைமையாசிரியரின் மனைவி, உட்கார்ந்தபடியே.

இந்த முறை யாரும் பக்கத்தைப் பார்க்கவில்லை. பதினேழு பெண்களின் கையும் ஒன்றாக எழும்பியது. தொட்டியம்மா தூக்கிய கையை இறக்காமலே, மறு கையால் பையைத் திறந்து, பதினோரு வருஷத்தில் பாதியாகத் தேய்ந்துபோன அந்தப் பிரஷ்ஷை எடுத்து வாலிபர் செயலாளரிடம் நீட்டினாள்.