மீனுக்குக் குடை

சரியான விடைகளையெல்லாம் அண்ணன் எழுதினான். தவறான விடைகளுக்கெல்லாம் தங்கை நான் பதில் எழுதினேன். எங்கள் கம்பெனியில் வேலைப் பிரிவினை அவ்வளவுதான்.

நாங்கள் செய்தது கம்ப்யூட்டரில் சொடுக்கி ஆடும் கதை விளையாட்டுகள். திரையில் ஓர் அறை இருக்கும். அங்கே கிடக்கும் சாவியையோ குடையையோ மவுஸால் எடுத்து வேறொன்றின் மேல் வைக்க வேண்டும். பொருந்தினால் கதை நகரும். பொருந்தாவிட்டால் நாயகன் ஏதாவது சொல்வான். அந்த ஏதாவதுதான் என் பிழைப்பு. ஜனங்கள் எதை எதன் மேல் வைப்பார்கள் என்று சொல்லவே முடியாது. மொட்டைத் தலைச் சிலைக்குச் சீப்பு வைப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நக்கலடிக்க வேண்டும். என் வாய்க்கொழுப்புக்குச் சம்பளம் கிடைக்கிறதே என்று அம்மாவுக்கு ஆச்சரியம்.

கொடிகட்டிப் பறந்தோம். குடும்பமே ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அதை இதில் வை, இதை அதில் வை என்று அடித்துக்கொள்ளும். பிறகு ஓடிக்கொண்டே சுடுகிற விளையாட்டுகள் வந்தன. எவனுக்கும் யோசிக்கப் பொறுமை இல்லை என்று அண்ணன் பல்லைக் கடித்தான். அவன் புதிர்களும் லேசுப்பட்டவை அல்ல. கடிகார முள்ளால் சோப்பை வெட்டிக் காவலாளியின் செருப்பில் ஒட்டினால்தான் கதவு திறக்கும் என்றால், எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றும்?

ஆட்கள் குறைந்தார்கள். கடைசி விளையாட்டில் அண்ணன் என் வரிகளிலும் கை வைத்தான்.

"அத்தனைக்கும் குரல் பதிவு பண்ணக் கட்டுப்படியாகாது. எல்லாத் தப்புக்கும் ஒரே வரி போதும். 'அது சரிப்படாது.' அவ்வளவுதான்."

"ஆடுறவங்க முக்கால்வாசி நேரம் தப்புதாண்ணா பண்றாங்க."

"தப்பை யாரு ரசிக்கப் போறா? விடு."

விட்டேன். விளையாட்டு படுத்துவிட்டது. கம்பெனியை மூடினோம்.

அன்று கட்டிலில் படுத்தவன்தான் அண்ணன். குளிப்பதில்லை, வெளியே வருவதில்லை, சாப்பாடு கொறிப்பதோடு சரி. அண்ணி டாக்டரைக் கூட்டி வந்தாள். நான் பழைய நண்பனை, செஸ் பலகையை, புதுச் சட்டையைக் கொண்டுபோனேன். எதற்கும் ஒரே பதில்: "வேணாம், விடு."

"பயமா இருக்கு," என்று அண்ணி சமையலறையில் உடைந்து அழுதாள். "தூங்குறப்ப மூச்சு இருக்கான்னு தொட்டுத் தொட்டுப் பாக்குறேன்."

பழைய கம்ப்யூட்டரை அவன் அறையில் வைத்து, எங்கள் முதல் விளையாட்டைப் போட்டேன். கண்ணெதிரே தப்பாக ஆடினால் கோபத்திலாவது எழுந்திருப்பான் என்று கணக்கு. குடையை எடுத்து மீன் தொட்டியில் வைத்தேன்.

"மீன் ஏற்கெனவே நனைஞ்சாச்சு. இனிமே குடை எதுக்கு?" என்றான் நாயகன்.

கட்டிலிலிருந்து ஒரு சத்தம். அண்ணன் சிரித்தான். வாசலில் நின்ற அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது எப்ப சேத்தது?"

"மொதல்லேருந்தே இருக்குண்ணா."

"நான் கேட்டதே இல்லையே."

எப்படிக் கேட்டிருப்பான்? அவனுக்குத்தான் எல்லா விடையும் தெரியுமே. சொந்த விளையாட்டை ஆயிரம் தடவை ஆடியவன், ஒரு தடவைகூடத் தப்பாக ஆடியதில்லை. இத்தனை வருடம் நான் எழுதியதில் ஒரு வரிகூட அவன் காதில் விழுந்ததில்லை. எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவன் சிரிக்கிறான், அது போதும் என்றிருந்தது.

எழுந்து வந்து மவுஸை வாங்கிக்கொண்டான். சிலைக்குச் சீப்பு வைத்தான். ஏணியைப் பூனைக்குக் கொடுத்தான். கண்ணில் நீர் வரச் சிரித்தான். அண்ணி சாப்பாடு எடுக்க ஓடினாள்.

"கடைசியா பண்ணினோமே, அதைப் போடு."

"அது வேணாம்ண்ணா. இதுலயே இன்னும் நெறைய இருக்கு."

அவனே போட்டான்.

துடுப்பை எடுத்துக் கண்ணாடியில் வைத்தான். "அது சரிப்படாது." விளக்கை நாற்காலியில் வைத்தான். "அது சரிப்படாது." கயிற்றை மணியில், மணியைப் படகில். அதே குரல், அதே வரி. நிறுத்துண்ணா என்றேன். அவன் ஒன்று விடாமல் எல்லாவற்றையும் எல்லாவற்றின் மேலும் வைத்துப் பார்த்த பிறகுதான் மவுஸை விட்டான்.

"நீ அப்பவே சொன்னே," என்றான்.

அந்த இடத்தில் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். ஊரார் தப்புக்கெல்லாம் பதில் எழுதியவள் நான்.

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அண்ணி தட்டோடு வந்து, முகமெல்லாம் சிரிப்பாகக் குனிந்தாள்.

"வேணாம், விடு."