மூன்றாம் மாடியில் வலம்

மூன்றாவது சுற்றும் முடிந்து அந்தச் சப்பாத்துக் கடை வாசலிலேயே மறுபடியும் வந்து நின்றபோது பஞ்சலிங்கத்துக்குப் பத்திக்கொண்டு வந்தது. பண்டத்தரிப்பில் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்க வேண்டிய நாளில், ரயில் ஏறிக் கொழும்புக்கு வந்து, வேட்டி சால்வையோடு கடைகள் நிறைந்த ஒரு கட்டடத்துக்குள் வட்டம் அடிக்க வேண்டுமென்று தலையில் எழுதியிருக்கிறதே! மோலாம் மோல். எது கிழக்கு, எது மேற்கு என்று ஒரு மனிசனுக்கும் தெரியாது. ஏசிக் குளிரில் கால்விரல்கூட விறைத்துப் போயிற்று.

எல்லாம் தரகர் கனகரத்தினம் பார்த்த வேலை. மாப்பிள்ளைப் பெடியன் தனோஜன் ஜேர்மனியிலிருந்து நாலு நாள் லீவில் வந்து, தாயோடு வெள்ளவத்தையில் நிற்கிறான். யாழ்ப்பாணம் வந்துபோக நேரமில்லை. இன்று பின்னேரமே பிளேன். ஊரென்றால் கோயில் வீதியில் வைத்துப் பெண்ணைக் காட்டிவிடலாம். தற்செயலாகக் கண்டதுபோல இருக்கும், பிடிக்காவிட்டால் ஒன்றுமே நடக்காதது மாதிரி அவரவர் வீட்டுக்குப் போகலாம். கொழும்பில் இப்போது அதற்கெல்லாம் மோல்தான் என்று கனகரத்தினம் அடித்துச் சொன்னான். பதினொரு மணிக்கு மூன்றாம் மாடி. கோயில் சுற்றுகிற மாதிரிச் சும்மா சுற்றுங்கள், அவர்களும் சுற்றுவார்கள், கண்டுகொள்ளலாம். போட்டோதான் இரண்டு பகுதியும் பார்த்தாயிற்றே.

மகள் உதயகலாவுக்கு முப்பத்தொரு வயது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறாள். இதற்கு முன் இரண்டு தரம் அவளைக் கோயிலில் வைத்துக் காட்டி, இரண்டு தரமும் பார்த்துவிட்டுப் போனவர்களிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. ரயிலில் வரும்போது யன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்:

"இதுதான் கடைசி அப்பா. இதுக்குப் பிறகு என்னை ஒருத்தருக்கும் காட்டக் கூடாது."

சொன்னால் சொன்னதுதான் அவள். பஞ்சலிங்கத்தின் பிடிவாதம் அப்படியே இறங்கியிருக்கிறது. இன்றைக்குத் தவறினால் தவறினதுதான்.

இந்த அவதிக்குள் மனுசி மீனாம்பிகை வேறு. கடைக்குக் கடை நின்று துணியைத் தொட்டுத் தடவி, இது எங்கள் சந்தையில் இல்லை என்று ஒவ்வொன்றுக்கும் வியந்துகொண்டு வந்தாள். நட, நட என்று பல்லைக் கடித்தார் அவர். ஒரு சுற்றுக்கு இருபது நிமிடம். நீலச் சட்டை போட்ட பெடியன் என்று கனகரத்தினம் சொன்னதை நம்பி, போன் விற்கிற ஒருவனை உற்றுப் பார்க்க, அவன் ஓடிவந்து கையில் ஒரு போனைத் திணித்தான். சீ, என்ன அரியண்டம் இது.

கனகரத்தினத்துக்குப் போன் எடுத்தார். ஊரில் வீட்டில் இருந்துகொண்டு அவன் ஆறுதலாகச் சொன்னான்: அவர்களும் பதினொரு மணியிலிருந்து அதே மாடியில்தான் சுற்றுகிறார்களாம், உங்களைத்தான் காணவில்லையாம். அவர்களுடைய நம்பரைத் தாவன் என்று கேட்டதற்கு, நேரே கதைத்தால் பிறகென்ன தற்செயல் அண்ணை என்று திருப்பிக் கேட்டான். வாயில் வந்ததை மீனாம்பிகைக்காக விழுங்கிக்கொண்டார்.

நாலாவது சுற்று முடிவில் உதயகலா சப்பாத்துக் கடைக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"அப்பா, அவையும் எங்களை மாதிரி வலமாத்தான் சுத்துகினம். நாங்கள் நடக்க அவையும் நடக்கினம். இப்பிடியே போனா பொழுது படுமட்டும் காணமாட்டம்."

பஞ்சலிங்கம் எட்டி எதிர்ப்பக்கம் பார்த்தார். சரிதானே! நடு வெளியில் தொங்குகிற விளம்பரங்களால் அந்தப் பக்கம் போகிறவர்களும் தெரியவில்லை. கோயிலென்றால் ஒரு பகுதி தேர்முட்டியடியில் நிற்கும், மற்றப் பகுதி சுற்றி வரும். யார் நிற்கிறது என்று சொல்லாமல் விட்டானே பாவி.

அப்படியென்றால் நாங்கள் மற்றப் பக்கமாகத் திரும்பி நடப்போமே என்றாள் மீனாம்பிகை. நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் இடமாகச் சுற்றுவதா என்றார் பஞ்சலிங்கம். கடைக்குள் சுற்றுவதில் வலமென்ன இடமென்ன என்று அவருக்கும் தெரியும். ஆனால் கால் திரும்ப மாட்டேன் என்றது.

தகப்பனும் தாயும் பிடுங்குப்படுவதை உதயகலா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பக்கத்தில் ஆட்கள் இருக்கப் போட்டிருந்த நீள வாங்கில் போய் இருந்தாள். செருப்பைக் கழற்றினாள். காலை நீட்டினாள்.

"நான் இதிலை இருக்கிறன். வாறவை வரட்டும்."

பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் இப்படியா இருப்பது என்று மீனாம்பிகை கண்ணால் கெஞ்சினாள். அவள் அசையவில்லை.

கால் மணித்தியாலத்தில் நீலச் சட்டை வந்தது. நொண்டிக்கொண்டு வந்தது. பின்னால் பட்டுச் சேலையில் தாய், முகமெல்லாம் களைப்பு. பெடியன் உதயகலாவைக் கண்டான், வாங்கையும் கண்டான். முறைப்படி பார்த்தும் பாராத மாதிரிக் கடந்து போயிருக்க வேண்டும். தாய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவனோ வாங்கின் மற்ற அந்தத்தில் தொப்பென்று இருந்து, புதுச் சப்பாத்தைக் கழற்றினான்.

"என்னாலை ஏலாது அம்மா." பிறகு உதயகலாவின் பக்கம் திரும்பினான். "நாங்கள் நாலு சுத்து. நீங்கள்?"

"நாங்களும் நாலு. எல்லாரும் ஒரே பக்கமாச் சுத்தினா எப்பிடிச் சந்திக்கிறது?"

அவன் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். முந்தின இரண்டு தரமும் வந்தவர்கள் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை என்பது பஞ்சலிங்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது. பெடியனின் தாயும் அவரும் அறிமுகமில்லாதவர்களாக நடித்தபடி, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள்.

"அப்பா, நீங்கள் எல்லாரும் ஒருக்கால் சுத்தீற்று வாங்கோவன்" என்றாள் உதயகலா.

மூன்று பேரும் நடந்தார்கள். வலமாகத்தான். பெண்கள் இருவரும் முதல் துணிக்கடையிலேயே கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். பஞ்சலிங்கம் மட்டும் ஓட்டமும் நடையுமாகச் சுற்றி வந்தார். வாங்கில் இரண்டு பேரும் கதைத்துக்கொண்டே இருந்தார்கள். அவர் கிட்டப் போனதும், உதயகலா தலையைத் திருப்பாமலே கையை உயர்த்தி, விரலால் இன்னொரு வட்டம் போட்டுக் காட்டினாள்.

அந்த நேரம் பார்த்துக் கனகரத்தினம் போன் எடுத்து, கண்டனீங்களோ அண்ணை என்று கேட்டான்.

"வையடாப்பா போனை" என்றார் பஞ்சலிங்கம். "எனக்கு இன்னும் சுத்துக் கிடக்கு."