எருக்கஞ்செடிக்கு ஒரு கூரை

மூன்றாவது இழுப்பறையையும் தரையில் கவிழ்த்தாள். காய்ந்த விதைகள், ஒரு பொன்வண்டின் ஓடு, தீப்பெட்டி நிறையத் தும்பி இறக்கை. கணவரின் அடையாள அட்டையை மட்டும் காணோம்.

"செத்தும் கொடுத்தாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். இந்த மனுஷன் செத்தும் தேட விடுறார்" என்றாள் மகளிடம்.

கணவர் விடிகாலையில் போய்விட்டார். மயான வண்டி வாசலில் நிற்கிறது. பன்னிரண்டு மணிக்குள் மயானத்தில் அட்டையைக் காட்டாவிட்டால் முறை நாளைக்குப் போய்விடும். கோடை முடிகிற இந்தப் புழுக்கத்தில் நாளை வரை வீட்டில் வைத்திருக்க முடியுமா?

முப்பது வருடம் தெருத்தெருவாகத் தண்ணீர் மீட்டர் குறித்தவர். மீட்டரெல்லாம் சுவரோரத்தில், சாக்கடையோரத்தில். அங்கே முளைத்ததும் ஊர்ந்ததும் அவருக்குச் சொந்தபந்தம் ஆகிவிட்டன. ஓய்வு பெற்ற பிறகும் குனிந்த தலை நிமிரவில்லை. கடைக்கு அனுப்பினால் உப்பு வராது. எந்தச் சந்தில் குப்பைமேனி பூத்திருக்கிறது என்ற செய்திதான் வரும்.

நேற்றுக்கூட, மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும்போது, "கேட்டுப் பக்கம் எருக்கு... கூட்டுப்புழு இருக்கு... ஒரு வாரம் யாரும் தொட வேண்டாம்" என்றார்.

"பேசாம படுங்க, நீங்களும் உங்க புழுவும்" என்று எரிந்து விழுந்தாள். அதற்குப் பிறகு அவர் பேசவேயில்லை. கடைசியாகச் சொல்ல வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா? தனக்குத்தான் கிடைக்கவில்லையா? நினைக்க நினைக்க அவர்மேல்தான் இன்னும் ஆத்திரமாக வந்தது.

"அம்மா, இங்க வாங்க" என்று வண்டிக்காரர் வாசலிலிருந்து கூப்பிட்டார்.

கேட்டோரச் சுவர் விரிசலில் ஓர் எருக்கஞ்செடி. பக்கத்து வீட்டு ஏசி அதன் தலையில் சொட்டிக்கொண்டிருந்தது. செடியும் அதிலிருந்த புழுவும் நனையாமலிருக்க மேலே கணவர் செருகியிருந்தார், கையில் அகப்பட்ட அடையாள அட்டையை. மேல்பக்கம் அவர் முகம். அடிப்பக்கம், சுண்டுவிரல் நுனியளவுக்குப் பச்சையாக ஒரு கூடு தொங்கியது.

வண்டிக்காரர் அட்டையை உருவக் கை நீட்டினார்.

"தொடாதீங்க!"

"ஒரிஜினல் வேணும்பாங்கம்மா."

"அவரையே கொண்டுபோறீங்க. அதைவிட என்னய்யா ஒரிஜினல்?"

வண்டிக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு மயானத்துக்குப் போன் போட்டார். "படம் எடுத்து அனுப்பினா போதுமாம். நம்பர் தெளிவாத் தெரியணுமாம்."

மகள் அட்டைக்கு நேராகப் போனை நீட்டினாள். ஒரு சொட்டு அட்டையிலிருந்த கணவரின் நெற்றியில் விழுந்தது. அட்டை ஆடாமல் இவள் விரல் நுனியால் துடைத்தாள். உடனே இன்னொன்று.

"சே! இன்னிக்காவது இதை நிறுத்தணும்னு அந்த வீட்டுல யாருக்காவது தோணுதா பாரு" என்று முணுமுணுத்தபடி அட்டைக்கு மேலே உள்ளங்கையை விரித்தாள்.

"எடுத்தாச்சும்மா. வா, நேரமாச்சு. கைய எடு."

"எடுக்கறேன்."

தண்ணீர் அவள் கையில் சொட்டிக்கொண்டே இருந்தது.