பதினொரு முட்டை

ஆயா பச்சையம்மாள் அடுப்பிலிருந்த பாத்திரத்தில் நாலு முட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். மணி ஒன்பதரை. புதன்கிழமை, முட்டை நாள். அடி அண்ணாமலையை ஒட்டிய காலனியில் இருந்த அந்த அங்கன்வாடியின் பதிவேட்டில் பதினொரு பிள்ளைகள். அன்று பாயில் உட்கார்ந்திருந்தது நாலே பேர்.

பௌர்ணமி. கிரிவலப் பாதையில் அன்னாசியும் சுண்டலும் விற்கக் காலனிப் பெண்கள் விடியும் முன்பே இடம் பிடிக்கப் போய்விடுவார்கள். மதியத்துக்கு மேல் கூட்டத்தில் திரும்பி வரமுடியாது, அங்கன்வாடி விட்டால் கூட்டிப்போக ஆள் இருக்காது என்பதால் பிள்ளைகளும் கூடவே போய்விடும். மாதத்தில் ஒரு நாள்தானே என்று டீச்சர் அருணாதேவியும் கண்டுகொள்ள மாட்டாள்.

சூப்பர்வைசரிடமிருந்து போன் வந்தது. பேசி முடித்தபோது அருணாதேவியின் முகம் வெளுத்திருந்தது.

"பதினோரு மணிக்கு வராங்களாம்க்கா. இன்னைக்கு எத்தினி பசங்களோ, போட்டோ புடிச்சு அனுப்புவாங்களாம், அதான் கணக்காம். பத்துக்கு மேல இல்லன்னா இதை மூடிட்டு, மூணு கிலோமீட்டர் தள்ளி இருக்கற சென்டரோட சேத்துடுவாங்களாம்."

"அவ்ளோ தூரம் எவ இட்டுனு போவா? ஏழு மணிக்கே வேலைக்கு ஓடறவளுங்க." பச்சையம்மாள் மீதி ஏழு முட்டைகளையும் பாத்திரத்தில் இறக்கிவிட்டுக் கையைப் புடவையில் துடைத்தாள். "முட்டையப் பாத்துக்குங்க டீச்சர். நான் போயி இட்டாந்துடறேன்."

வெயில் அதற்குள் ஏறியிருந்தது. அவள் ஓட்டமும் நடையுமாகப் பாதை நெடுகப் போனாள். ஆறு பிள்ளைகள் கிடைத்துவிட்டார்கள். சரோஜாதான் மசியவில்லை. குடைக்கடியில் அன்னாசி சீவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மகள் எழில் தோலை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தது.

"பன்னண்டு மணிக்குத் தடுப்பு வெச்சிடுவாங்க ஆயா. கூட்டத்துல புள்ள காணாம போச்சுன்னா நீயா தேடுவ?"

"அதுக்குள்ள நானே கொண்டாந்து வுடறேன். இன்னைக்கு ஒரு நாள் பாத்து, பால்வாடியே போச்சுன்னா நாளைலேந்து இவள எங்க வுட்டுட்டுப் போவ?"

சரோஜாவின் கத்தி நின்றது. மற்ற நாட்களில் அவள் செங்கம் ரோட்டில் ஒரு விடுதியில் அறை கூட்டப் போகிறவள். முந்தானையால் மகளின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"முட்ட உண்டில்ல? காலைலேந்து ஒண்ணும் துன்னல."

"இவளுக்குன்னு ஒண்ணு வெந்துனு இருக்குது."

கடை கட்டியதுபோக மீந்திருந்த நைலான் கயிற்றைப் பச்சையம்மாள் வாங்கி ஏழு பேரையும் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். "வுடக்கூடாது. அங்க போட்டோ எடுப்பாங்க. எல்லாரும் பல்லு தெரிய சிரிக்கணும், இன்னா?"

அதே நேரத்தில் அங்கன்வாடி வாசலில் சூப்பர்வைசரின் ஸ்கூட்டர் வந்து நின்றது. மணி பத்தேகால்.

"பதினோரு மணின்னீங்களே மேடம்."

"ரோட்ட அடைச்சிட்டா நான் எப்படி வேங்கிக்கால் ஆபீஸுக்குத் திரும்பறது?" நின்றபடியே பிள்ளைகளை எண்ணினார். நாலு பேரையும் போட்டோ எடுத்து அனுப்பினார். பிறகு சமையல் மூலைக்குப் போய்ப் பாத்திரத்தின் மூடியைத் திறந்தார்.

"புள்ளைங்க நாலு, முட்டை பதினொண்ணா? மீதி ஏழு யார் வீட்டுக்குப் போவுது?"

"பசங்களுக்குத்தான் மேடம். ஆயா கூட்டிட்டு வரப் போயிருக்காங்க. ஒரு அரை மணி நேரம் இருந்தீங்கன்னா..."

"கணக்குக் காட்டறதுக்கு ரோட்ல போயி புள்ள புடிக்கிறீங்களா? தினமும் இப்படித்தானா?"

 அருணாதேவி வேலையை நினைத்துக் கோபத்தை அடக்கிக்கொண்டாள். சூப்பர்வைசர் ஏழு முட்டைகளைத் தனிக் கிண்ணத்தில் எடுத்துவைத்துப் படமெடுத்தார். ஒரு தாளில் 'மீதம் 7' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அருணாதேவியிடமும் கையெழுத்து வாங்கி, அந்தத் தாளால் கிண்ணத்தை மூடினார்.

"நாளைக்கு ஆபீஸ்லேந்து வந்து எண்ணுவாங்க. ஒண்ணு கொறைஞ்சாலும் நீங்கதான் பதில் சொல்லணும்."

ஸ்கூட்டர் போய்க் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, கயிற்றைப் பிடித்தபடி ஏழு பேரும் வாசலில் வந்து நின்றார்கள். பச்சையம்மாளுக்கு மூச்சு வாங்கியது.

"இன்னும் பதினொண்ணு ஆவல டீச்சர். வந்துட்டோம்."

 அருணாதேவி சூப்பர்வைசரின் எண்ணை அழுத்தினாள். "மேடம், பதினோரு பேரும் வந்துட்டாங்க. வீடியோவுல வேணா காட்டறேன்." "நாலுன்னு அனுப்பிச்சாச்சும்மா," என்றது எதிர்முனை. அதோடு துண்டித்துவிட்டது.

பச்சையம்மாள் பிள்ளைகளின் கைகளைக் கழுவிவிட்டாள். பதினொரு பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். நாலு தட்டில் சோற்றோடு முட்டை இருந்தது. ஏழு தட்டில் வெறும் சோறு.

எழில் பக்கத்துத் தட்டைப் பார்த்தது. "டீச்சர், என்னுது வெந்துனு இருக்குதுன்னு ஆயா சொல்லுச்சு."

அருணாதேவி கிண்ணத்தை எடுத்தாள். "வேணாம் டீச்சர்," தாளைப் படித்துவிட்டுப் பச்சையம்மாள் மெதுவாகச் சொன்னாள். "நாளைக்கு நாம தின்னுட்டோம்னு எழுதிடுவாங்க."

 அருணாதேவி தாளை எடுத்துத் தரையில் விரித்து, அதன்மேல் முட்டைகளை உரிக்கத் தொடங்கினாள். ஏழாவது ஓடு விழுந்தபோது இரண்டு கையெழுத்தும் மறைந்துபோயின.

மற்றவர்கள் தின்னத் தொடங்கிவிட்டார்கள். எழில் மட்டும் முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, பல் தெரியச் சிரித்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.