பதில் போன பழைய வழி

எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது, எதையாவது கழற்றிவிடும். போன வாரம் கழற்றியது, நான் நெட்வொர்க் பார்த்துக்கொள்ளும் தேர்வு மையத்தின் பழைய ரூட்டரை. பல வருஷமாக என் உயிரை வாங்கிய சனியன் அது. அதன் வேலையையும் சேர்த்துப் புது ஃபயர்வால் பெட்டியே பார்த்துக்கொள்ளும் என்று மார்தட்டினேன். நேற்று சாயங்காலம் தேர்வு அறையில் என் லேப்டாப்பைச் செருகிப் பார்த்தேன். நெட் பிய்த்துக்கொண்டு போனது. எல்லாம் ஓகே என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

இன்று காலை ஒன்பது இருபதுக்குப் பார்த்தால், அறுபது கம்ப்யூட்டரும் அம்போ! ஒன்றுக்குக்கூட நெட்வொர்க் முகவரி வரவில்லை. ஒப்புக்குச் சப்பாணியாய் ஏதோ ஒரு எண்ணைத் தாங்களே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தன. பத்து மணிக்குள் தொடங்காவிட்டால் தேர்வு ரத்து, மறுதேர்வு ஆறு மாதம் கழித்துத்தான். வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்களில் என் தங்கையும் ஒருத்தி. முப்பத்திரண்டு வயதானாலும் எங்களுக்கு அவள் பாப்பாதான். அவளுடைய வயது வரம்பு அடுத்த மாதம் முடிகிறது. இன்று விட்டால் இனி எழுதவே முடியாது. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

முகவரி கொடுக்கும் சர்வர் மாடியில் இருக்கிறது. அதைக் காப்பவரை நாங்கள் 'பூதம்' என்போம், யாரையும் தொட விடமாட்டார். மூச்சிரைக்க ஓடினேன்.

"சார், ஹாலுக்கு முகவரியே வரலை!"

"நான் கொடுத்துக்கிட்டேதான்மா இருக்கேன். உன் பெட்டிதான் முழுங்குது."

சுர்ரென்று ஏறியது எனக்கு. என் பெட்டியையா சொல்கிறார்? கம்ப்யூட்டர் எழுந்ததும் 'எனக்கொரு முகவரி கொடுங்க' என்று கத்தும். அந்தக் கத்தல் அறையைத் தாண்டாது. அதை ஃபயர்வால் கேட்டு, எந்த அறை என்று தெரிய அந்த அறையில் தனக்குள்ள முகவரியைக் குறித்து, சர்வரிடம் கொண்டு சேர்க்கும். அந்த முகவரிக்கே பதில் வர வேண்டும். இப்படிக் கைமாற்றிவிடுவதைத்தான் ரிலே என்போம். என் லேப்டாப்பில் ஃபயர்வாலின் பதிவைத் திறந்தேன். கேள்வியெல்லாம் மாடிக்குப் போயிருந்தது, ஒரு பதில்கூடத் திரும்பவில்லை. அவர் தன் திரையைத் திருப்பிக் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் பதில் அனுப்பியிருந்தார் மனுஷன்.

"சார், கொடுத்தீங்க, சரி. எந்த வழியா கொடுத்தீங்க?"

வழிப்பட்டியலைத் திறந்தார். தேர்வு அறைக்குப் போகும் வழி: பழைய ரூட்டர். நான் கழற்றி ஸ்டோர் ரூமில் கடாசிய அதே ரூட்டர்!

"அப்ப நேத்து எப்படிம்மா ஓகே சொன்னே?"

"என் லேப்டாப்புக்கு முகவரி நானே கையால போட்டது சார். அது யார்கிட்டயும் கேட்கவே கேட்காது."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மணி ஒன்பது ஐம்பத்தொன்று. திட்டுவார் என்று நினைத்தேன். பூதம் கீபோர்டை என் பக்கம் தள்ளியது.

"கழட்டினவளே மாட்டும்மா."

பழைய வழியை அழித்தேன். அந்த இடத்தில் ஃபயர்வாலை எழுதினேன். ஒரே ஒரு வரி. பதிவில் ஒரு பதில் இறங்கியது. அப்புறம் ஏழு, இருபது, கிடுகிடுவென்று அறுபது! "வந்துருச்சுடி!" என்று கத்தினேன். யாரை 'டி' போட்டேனோ தெரியாது, பூதமும் சேர்ந்து கைதட்டினார். இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினேன். பத்து மணிக்குக் கதவைச் சாத்தினார்கள், பாப்பா உள்ளே இருந்தாள்.

ஒரு மணிக்கு வெளியே வந்தாள். "ஒண்ணுகூட விடலைக்கா, எல்லாத்துக்கும் பதில் போட்டுட்டேன்" என்றாள். அத்தனை பேர் முன்னால் அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன்.